நாந்த் நகரத்து ஆறு பேரும் ஒரு பாலைவனக் கிரகமும்

இசைத் துண்டுகள் மொத்தம் 4. பாட்டு வரிகள் கிடையாது. ஓடும் நேரம் சுமார் 36 நிமிடம். அச்சடித்த தட்டுகள் 1000. பின்னால் பெரிய கம்பெனி இல்லை, விளம்பரம் இல்லை. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ஓர் ஆல்பம் 40 வருஷம் தாண்டியும் உயிரோடு இருக்குமா? இருக்கிறது! துள்ளிக்கொண்டு இருக்கிறது! 1981-இல் பிரான்ஸைச் சேர்ந்த 'டூன்' என்ற குழு தானே வெளியிட்ட 'எரோஸ்' ஆல்பத்தைப் பற்றித்தான் சொல்கிறேன். ப்ராக்ரஸிவ் ராக் பைத்தியங்களிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், கண்கள் விரியும்.

அதற்கு முன்னால் அவர்கள் ஆல்பம் போட்டதில்லை. அதற்குப் பின்னாலும் போடவில்லை. ஒன்றே ஒன்றுதான். கேட்டதும் பலரும் "அடடா, பாவம், வளர முடியாமல் போய்விட்டார்களே" என்பார்கள். திரையை விலக்கி உள்ளே எட்டிப் பார்த்தால் கதை வேறு. ஒரு குழு வருஷக்கணக்கில் வாசித்து, உடைத்து, மறுபடி கட்டிச் சேர்த்ததையெல்லாம் ஒரே தட்டில் கொட்டிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 'எரோஸ்' சாட்சி. வாருங்கள், உள்ளே போகலாம்!

மூன்று பெயர், ஒரு நாவல்

பிரான்ஸின் மேற்கு ஓரத்தில், லுவார் நதி கடலைத் தொடப்போகும் இடத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது நாந்த் நகரம். ஜூல் வெர்ன் 1828-இல் பிறந்த ஊர். கற்பனைப் பயணங்களுக்கு அந்த மண்ணில் ராசி உண்டு போலிருக்கிறது. 1970-களின் நடுவில் இங்கே இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஒருவர் கிட்டார்க்காரர் ழான் கீராட்ஸ், இன்னொருவர் புல்லாங்குழல்காரர் பாஸ்கல் வான்டன்புல்க். குழுவுக்கு முதலில் வைத்த பெயர் 'வெஜிதாலின் பூஃபியோல்'. வெஜிதாலின் என்பது பிரெஞ்சுச் சமையலறைகளில் வறுக்கப் பயன்படும் தேங்காய்க் கொழுப்பின் பெயர்! பிறகு 'கான்-டார்' என்று மாற்றினார்கள். கடைசியில்தான் 'டூன்' வந்தது.

அது எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965-இல் வெளியிட்ட அதே அறிவியல் புனைவு நாவல். டெனி வில்னவ் 2021-இல் படமாக எடுத்து, நம் ஊர்த் திரையரங்குகளில்கூட மணல்புழுவைப் பார்த்து மக்கள் மிரண்டார்களே, அதே அராக்கிஸ் கிரகம். 1970-இல் மிஷேல் தெமுத்தின் மொழிபெயர்ப்பில் நாவல் பிரெஞ்சில் வந்தது. அதற்குப் பிறகு அந்த நாட்டு இளைஞர்களை அது பிடித்து ஆட்டிய ஆட்டம் கொஞ்சமில்லை. பாரிஸில் இயக்குநர் அலெஹாந்த்ரோ ஹொதரோவ்ஸ்கி அதைப் படமாக்கப் புறப்பட்டார். ஓவியர் மோபியஸ் காட்சிக்குக் காட்சி வரைந்து குவித்தார். இசைக்கு பிங்க் ஃபிளாய்டும், பிரான்ஸின் சொந்தப் பூதமான மாக்மா குழுவும் பேசப்பட்டார்கள். பணம் கிடைக்காமல் படம் நின்றுபோனது. ஆனால் மணல் மட்டும் எல்லார் காலிலும் ஒட்டிக்கொண்டது! ரிஷார் பினாஸ் 1978-இல் தன் 'க்ரோனோலிஸ்' ஆல்பத்தில் நாவலின் பெனே கெஸரிட் பெண்களுக்கு சிந்தசைசரில் இசை போட்டார். பெர்னார் ஸாய்னர் 'ஸெட்' என்ற பெயரில் 1979-இல் 'விஷன்ஸ் ஆஃப் டூன்' என்று முழு ஆல்பமே செய்தார்.

இவர்கள் இருவரும் பாலைவனத்தை மின்னணு ஒலியில் கேட்டார்கள். நாந்த்காரர்கள் அதை மரத்திலும் உலோகத்திலும் மூச்சிலும் கேட்டார்கள். அங்கேதான் ரகசியம் தொடங்குகிறது.

மேடையில் யார், என்ன?

அணியைப் பார்க்கலாம். கீராட்ஸ் கிட்டார், வான்டன்புல்க் புல்லாங்குழல் என்று சொன்னேன். பியானோவும் சிந்தசைசரும் ப்ரூனோ சபாத்தே. பேஸ் கிட்டார் தியெரி ட்ரான்ஷான். டிரம்ஸ் லோரான் பெர்தோ. ஆறாவது ஆள் அலென் டெர்மோல், கையில் சைலஃபோன், வைப்ரஃபோன், இன்னும் பலவகைத் தாளக் கருவிகள். ராக் குழுவில் சைலஃபோனா? ஆமாம், அதுதான் இவர்களுடைய துருப்புச் சீட்டு!

குழுவுக்குப் பிடித்த மூன்று பெயர்களை நினைத்துக்கொள்ளுங்கள்: மாக்மா, ஃபிராங்க் ஸாப்பா, மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா. டிரம்ஸ் கலைஞர் க்ரிஸ்தியான் வாண்டர் 1969-இல் தொடங்கிய மாக்மா, தனக்கென்று ஒரு கிரகத்தையும் ஒரு மொழியையும் கண்டுபிடித்து, அந்த மொழியிலேயே பாடிய குழு. அதன் வழியில் வந்த இசைக்கு 'ஸோய்ல்' என்று பெயர். தரையை அதிர வைக்கும் பேஸ், ஒரே சொற்றொடரை விடாமல் திருப்பித் திருப்பி அடிக்கும் பியானோ, மேலே கோயில் கூட்டுப்பாடல்போல எழும் குரல்கள். இது அந்த இசையின் எலும்புக்கூடு. ஸாப்பாவிடம் ரூத் அண்டர்வுட் மரிம்பாவிலும் சைலஃபோனிலும் மின்னல் வேகத்தில் வாசித்துக்கொண்டிருந்தார். மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவில் ஜான் மெக்லாஃப்லின் ஒற்றைப்படைத் தாளங்களில் கிட்டாரைப் பறக்கவிட்டார். இதே மெக்லாஃப்லின்தான் பின்னர் நம் விக்கு விநாயக்ராமின் கடத்தோடும் எல். சங்கரின் வயலினோடும் 'சக்தி' குழுவில் உட்கார்ந்தவர்.

இனி டூன் செய்த வேலையைப் பாருங்கள். மாக்மாவின் எலும்புக்கூட்டை எடுத்துக்கொண்டார்கள், ஆனால் அந்தக் கூட்டுக் குரலைத் தூக்கிவிட்டார்கள். குரல் இருந்த உயரத்தில் புல்லாங்குழலையும் சைலஃபோனையும் வைத்தார்கள். அவ்வளவுதான், மொத்தக் கட்டடத்தின் எடையே மாறிவிட்டது! கீழே பேஸ் மலைபோல நகர்கிறது, மேலே குழலும் மரக்கட்டைகளும் பறக்கின்றன. ஸோய்ல் இசை இவ்வளவு லேசாக, இவ்வளவு குறும்பாகத் துள்ளும் என்று கேட்கும்வரை நம்ப முடியாது.

இதை வாசிப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? சைலஃபோனின் ஒலி மரக்கட்டையில் தட்டிய நொடியிலேயே பிறந்து, உடனே செத்துவிடும். புல்லாங்குழலின் ஒலியோ மூச்சில் பிறப்பது. அதற்கு ஒரு விளிம்பு வேண்டுமென்றால் ஒவ்வொரு ஸ்வரத்தையும் நாக்கால் வெட்ட வேண்டும். இரண்டும் ஒரே வேகச் சொற்றொடரை ஒரே நேரத்தில் வாசிக்கும்போது, மயிரிழை தவறினாலும் இரட்டை நிழல்போலக் கேட்கும். தவறாமல் விழுந்தால்? மரமும் காற்றும் கலந்த, பெயரே இல்லாத மூன்றாவது கருவி ஒன்று பிறக்கும்! வைப்ரஃபோன் இதற்கு நேர் எதிர். உலோகக் கட்டைகள், காலால் அழுத்தினால் நீளும் கார்வை, கட்டைகளுக்குக் கீழே உள்ள குழாய்களில் மோட்டார் சுழற்றும் சிறு தகடுகளால் வரும் அலையாட்டம். டெர்மோல் சைலஃபோனில் இருந்தால் வெயில். வைப்ரஃபோனுக்கு மாறினால் இரவு. ஒரே ஆள், இரண்டு பொழுது!

தட்டுக்கு முன்னால் மேடை

ஸ்டூடியோவுக்குள் நுழையுமுன் இந்த இசை சில வருஷம் மேடையில் வெந்தது. மாக்மா, ஆர் சோய்ட், எத்ரோன் ஃபூ லெலூப்ளான் போன்ற குழுக்களோடு டூன் மேடையைப் பகிர்ந்துகொண்டது. கடைசியாகச் சொன்ன குழு சாதாரணமானதல்ல. 1978 மார்ச் 12 அன்று லண்டனில் ஹென்றி கவ் குழு 'ராக் இன் ஆப்போசிஷன்' என்ற பெயரில் ஒரு விழா நடத்தியது. பெரிய ரெக்கார்ட் கம்பெனிகள் கதவைச் சாத்தியிருந்த ஐந்து ஐரோப்பியக் குழுக்கள் அதில் ஒரே மேடையில் வாசித்தன. எத்ரோன் ஃபூ அந்த ஐந்தில் ஒன்று. கம்பெனி வராவிட்டால் என்ன, நாமே பதிவு செய்வோம், நாமே தட்டு போடுவோம், ஒருவருக்கொருவர் மேடை தேடித் தருவோம் என்ற துணிச்சல் அந்தக் காலத்தில் அங்கே பரவிக்கொண்டிருந்தது. டூன் நடந்த பாதையும் அதுதான்.

அந்த மேடைக் காலத்தின் ஒலிப்பதிவுகள் சில நமக்குக் கிடைத்திருப்பது பெரும் பாக்கியம். ஆல்பத்தில் உள்ள 'அராக்கிஸ்', 'பிதோனியோ' இரண்டுக்கும் 1979-ஆம் வருஷத்துப் பழைய வடிவங்கள் இருக்கின்றன. ஆல்பத்து வடிவத்தோடு பக்கத்தில் வைத்துக் கேட்டுப் பாருங்கள், ஒத்திகை அறையின் ஜன்னலில் ஒளிந்து நின்று பார்ப்பது மாதிரி இருக்கும்! எது வளர்ந்தது, எது நறுக்கப்பட்டது, எந்த இடம் இன்னும் கூர்மையானது, எல்லாம் காதில் விழும். ஆல்பத்தில் அவ்வளவு எளிதாக ஓடுகிற ஒரு திருப்பம், எவ்வளவு இழைப்புக்குப் பின் அப்படி ஆனது என்று அப்போதுதான் உறைக்கும்.

கிர்ஷ்பெர்க்கில் ஒரு கண்ணாடி அறை

1981. ஆறு பேரும் கருவிகளோடு பிரான்ஸின் மேற்கு முனையிலிருந்து நாட்டைக் குறுக்காகக் கடந்து சுவிட்சர்லாந்துக்குப் போகிறார்கள். கிர்ஷ்பெர்க் என்ற சிற்றூர், அங்கே சன்ரைஸ் ஸ்டூடியோ, கட்டுப்பாட்டு மேசையில் எத்தியென் கோனோ. ஏன் அவ்வளவு தூரம்? அந்த ஸ்டூடியோவின் படியேறியவர்களின் பட்டியலைப் பாருங்கள்: ஹென்றி கவ்வின் 'வெஸ்டர்ன் கல்ச்சர்', ஆர்ட் பேர்ஸின் 'விண்டர் சாங்ஸ்', பெல்ஜியத்து அக்ஸாக் மபூலின் இரண்டாவது ஆல்பம். ஐரோப்பாவின் பிடிவாதக்கார இசைக்கெல்லாம் தாய்வீடு அது! பஸூன், வயலின், டிரம்ஸ், வினோத ஒலிகள் என்று எல்லாவற்றையும் ஒன்றையொன்று விழுங்காமல் டேப்பில் ஏற்றிப் பழகிய காதுகள் கோனோவுக்கு.

டூனுக்கு வேண்டியதும் அதேதான். மின்கிட்டார் ஒரு வீச்சு வீசினால் புல்லாங்குழல் மூழ்கிவிடும். டிரம்ஸின் பித்தளைத் தட்டும் சைலஃபோனும் ஒரே உச்ச ஒலிப் பகுதியில் மோதிக்கொள்ளும். பியானோவின் இடதுகையும் பேஸும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். 'எரோஸை' ஹெட்ஃபோனில் கேளுங்கள்: ஆறு பேரும் அவரவர் இடத்தில் தெளிவாக நிற்கிறார்கள். ஒருவர் மூச்சு வாங்குவதற்கும் இன்னொருவர் குச்சியை ஓங்குவதற்கும் இடையில் காற்று இருக்கிறது. தானே செலவழித்துப் பதிவு செய்த ஒரு குழுவிடமிருந்து இப்படி ஓர் ஒலி வந்தது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிலிர்க்கிறது.

நாலு துண்டு, ரெண்டு பக்கம்

முதல் பக்கம் முழுக்க ஹெர்பர்ட்டின் நாவல். 'லேபீஸ்' என்றால் மசாலா; விண்வெளிப் பயணத்தையே இயக்குகிற அந்தப் பாலைவன மசாலாதான். ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது, எத்தனை தடவை திசை மாறுகிறது என்று எண்ணத் தொடங்கினால் எண்ணிக்கை தப்பிவிடும். மிருதங்கக்காரர் கோர்வையை முடித்து, எல்லாரும் ஒன்றாகச் சமத்தில் வந்து விழும்போது சபாவில் ஒரு "ஆகா" கிளம்புமே, அந்த ஆகாவுக்கான இடங்கள் இதில் அடுத்தடுத்து வருகின்றன. தொடர்ந்து வரும் 'அராக்கிஸ்' கிரகத்தின் பெயரையே தாங்கி நிற்கிறது. அதுவும் ஒன்பதரை நிமிடம்.

தட்டைத் திருப்பினால் 'பிதோனியோ'. ஏழு நிமிடம்தான், நாலில் குட்டி, ஆனால் கடி பலமான குட்டி! கடைசியில் ஆல்பத்துக்குப் பெயர் தந்த 'எரோஸ்', பத்து நிமிடத்தைத் தாண்டுகிறது. அவசரமே இல்லாமல் தொடங்கி, அடுக்கு மேல் அடுக்காக ஏற்றி, மாக்மாவின் வாரிசுகள் தாங்கள் என்பதைப் பேஸும் பியானோவும் சேர்ந்து பிரகடனம் செய்யும் உச்சத்துக்கு நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறது.

ஆயிரத்துக்குப் பிறகு

வெளியான வருஷத்தை மறுபடி பாருங்கள்: 1981. பங்க் வந்து அடித்து நொறுக்கிவிட்டுப் போயிருந்தது, சிந்தசைசர் பாப் கொடி நாட்டிக்கொண்டிருந்தது. பத்து நிமிட இசைக்கு வானொலியில் இடமில்லை, கடை ஜன்னலிலும் இடமில்லை. ஆயிரம் தட்டு போட்டார்கள், அடுத்த ஆல்பம் வராமலே குழு கலைந்தது. அந்த ஆயிரமும் சேகரிப்பாளர்களின் அலமாரிகளுக்குள் போய் ஒளிந்துகொண்டன.

ஆனால் கேட்டவர்கள் சும்மா இருக்கவில்லை! இந்த வகை இசைக்கென்றே தொடங்கப்பட்ட 'சொலெய் ஸோய்ல்' என்ற பிரெஞ்சு நிறுவனம் 2000-இல் 'எரோஸை' குறுந்தகடாக வெளியிட்டது. கூடவே அந்தப் பழைய மேடைக் காலத்துப் பதிவுகளையும் சேர்த்துக் கொடுத்தது. தட்டைக் கண்ணால் பார்த்திராத ஒரு தலைமுறை அன்றிலிருந்து அதைக் கேட்கிறது. ஸோய்ல் இசையில் எதைக் கேட்டுத் தொடங்கலாம் என்று யார் கேட்டாலும், மாக்மாவுக்கு அடுத்து வரும் சில பெயர்களில் இந்த ஒற்றை ஆல்பக் குழுவும் நிச்சயம் இருக்கும்.

இரண்டாவது ஆல்பம் வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நான் ஏங்குவதில்லை. முதல் ஆல்பத்தில் எதையாவது மிச்சம் பிடித்து வைத்திருந்தால்தானே இரண்டாவதைப் பற்றி ஏங்க வேண்டும்? இவர்கள் மிச்சமே வைக்கவில்லை. மேடையில் வருஷக்கணக்கில் பதம் பார்த்த நாலு படைப்புகள், இரண்டே பக்கம், அதில் முழு உயிர்.

கேட்கப் போகிறீர்களா? எப்படிக் கேட்பது என்று சொல்கிறேன். முதல் தடவை எதையும் யோசிக்காமல் சத்தத்தைக் கூட்டி வைத்து அடிபடுங்கள். இரண்டாம் தடவை ட்ரான்ஷானின் பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள், கட்டடத்தின் அஸ்திவாரம் தெரியும். மூன்றாம் தடவை குழலும் சைலஃபோனும் எங்கே ஒன்றாகின்றன, எங்கே பிரிகின்றன என்று துரத்துங்கள். பிறகு 1979-ஆம் வருஷத்து 'அராக்கிஸை' எடுத்து ஆல்பத்து 'அராக்கிஸோடு' மோத விடுங்கள். அதற்குள் யாரையாவது பிடித்து உட்கார வைத்து "இதைக் கேளேன்!" என்று வற்புறுத்த ஆரம்பித்திருப்பீர்கள். ஆயிரம் தட்டில் கிளம்பிய இசை இங்கே வரைக்கும் வந்து சேர்ந்தது அந்த வற்புறுத்தலால்தான்!