ஒரு சுற்று, ஒரு பந்தயம், ஒரு பருவம்
மோட்டார்ப் பந்தயத்தின் எண்களைப் படிப்பது எப்படி?



பங்குனித் திருவிழாவில் மயிலாப்பூர்க் கபாலீசுவரர் தேர் நான்கு மாட வீதிகளையும் சுற்றி வருவதைப் பார்த்திருப்பீர்கள். நேர் வீதியில் தேரை இழுப்பது எளிது. மூலை வந்ததும்தான் வேலை தொடங்குகிறது. சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை கொடுத்து, வடத்தைப் பக்கவாட்டில் இழுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவார்கள். ஓடும் பொருள் நேர்கோட்டில் ஓடவே விரும்பும். அதைத் திருப்ப வேண்டுமானால் பக்கவாட்டில் ஒரு விசை வேண்டும். நியூட்டனின் முதல் விதி இதைத்தானே சொல்கிறது!

மெல்ல நகரும் தேருக்கே இந்தப் பாடு என்றால், மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் பாயும் வண்டி என்ன செய்யும்? நம் தேர் வலம் வரும். அமெரிக்காவின் நீள்வட்டத் தடங்களில் ஓடும் 'ஸ்டாக் கார்' பந்தய வண்டிகளோ இடம் வரும். எப்போதும் இடப்பக்கமே திரும்பும். கடையில் விற்பனைக்கு 'ஸ்டாக்' இருக்கும் காரையே பந்தயத்தில் ஓட்டியதால் இந்தப் பெயர் வந்தது. இதற்கென 1948-இல் தோன்றிய அமைப்பு நாஸ்கார். நம் ஊரிலும் அந்நாளில் சோழவரத்துப் பழைய விமான ஓடுபாதையில் பியட், அம்பாசிடர் கார்களை முடுக்கிவிட்டுப் பந்தயம் ஓட்டினார்கள். இன்று நாஸ்கார் வண்டி, பெயரில் மட்டுமே கடைக் கார். உள்ளே எல்லாமே பந்தயத்துக்கென்று செய்யப்பட்டவை.

இந்தப் பந்தயத்தில் ஒரு தமிழரும் ஓடியிருக்கிறார். அவர் கோயம்புத்தூரில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன். ஸ்ரீபெரும்புதூர்ப் பந்தயத் தடத்தில் தொடங்கி, 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியர் ஆனவர். 2010 மார்ச்சில் அமெரிக்காவின் மார்ட்டின்ஸ்வில் தடத்தில் நாஸ்காரின் டிரக் பிரிவில் ஓட்டி 13-ஆவதாக வந்தார். அவருடைய எண்களையே எடுத்துக்கொண்டு, அவற்றுக்குள் இருக்கும் இயற்பியலைப் பார்ப்போமா?

வளைவில் என்ன நடக்கிறது?

மார்ட்டின்ஸ்வில் தடத்தின் ஒரு சுற்று 0.526 மைல், அதாவது ஏறக்குறைய 846 மீட்டர். காகிதம் செருகும் கம்பிக் கிளிப்பைப் போன்ற வடிவம். இரு பக்கமும் 800 அடி, அதாவது 244 மீட்டர் நேர்ப்பாதை. இரு முனையிலும் அரைவட்ட வளைவு. இரண்டு நேர்ப்பாதைகளையும் கழித்தால் மீதி 358 மீட்டர். இரண்டு அரைவட்டங்களும் சேர்ந்தால் ஒரு முழு வட்டம் அல்லவா? அதன் ஆரம் சுமார் 57 மீட்டர் என்று நீங்களே கணக்கிடலாம். நரேன் ஓட்டிய பந்தயம் 250 சுற்று. ஆக, 500 முறை அரைவட்டம் அடிக்க வேண்டும்.

வட்டத்தில் ஓடும் வண்டிக்கு மையநோக்கு முடுக்கம் தேவை. வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் அது கிடைக்கும். வேகம் இரு மடங்கானால் தேவைப்படும் விசை நான்கு மடங்காகிவிடும். இந்த விசையை வண்டிக்குக் கொடுப்பது டயருக்கும் தரைக்கும் இடையே உள்ள உராய்வு.

உராய்வுக் குணகம் 1 என்று வைத்துக்கொள்வோம். தடம் சமதளமாக இருந்தால், 57 மீட்டர் ஆரமுள்ள வளைவில் வண்டி மணிக்கு 85 கிலோமீட்டருக்கு மேல் போனால் சறுக்கிவிடும். ஆனால் மார்ட்டின்ஸ்வில் வளைவுகள் வெளிப்பக்கம் 12 டிகிரி உயர்ந்து சாய்ந்திருக்கின்றன. சாய்வு இருந்தால் தரை வண்டியைத் தாங்கும் விசையிலேயே ஒரு பகுதி மையத்தை நோக்கித் தள்ளும். அப்போது எல்லை மணிக்கு ஏறக்குறைய 105 கிலோமீட்டர் ஆகிறது. வெறும் 12 டிகிரி சாய்வு 20 கிலோமீட்டர் வேகத்தைக் கூட்டித் தருகிறது! டல்லடேகா என்ற பெரிய தடத்தில் இந்தச் சாய்வு 33 டிகிரி. அங்கே நடந்து ஏறுவதே கடினம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அடி குறுகி வாய் அகன்ற ஒரு டம்ளரைத் தரையில் படுக்க வைத்து உருட்டிப் பாருங்கள். அது நேராகப் போகாது. குறுகிய பக்கம் உள்ளே இருக்க, வட்டமடிக்கும். நீள்வட்டத் தடத்தில் ஓடும் பந்தய வண்டிக்கு வலப்பக்க டயர்களின் சுற்றளவைச் சற்றுப் பெரிதாக வைப்பது இதனால்தான். வண்டி தானாகவே இடப்பக்கம் திரும்ப முயலும்.

முதல் எண்: ஒரு சுற்று

பந்தயத்துக்கு முன்னால் தகுதிச் சுற்று நடக்கும். ஒருவர் ஓட்டிய மிக வேகமான ஒரே ஒரு சுற்றின் நேரத்தை வைத்து, யார் முன்னால் நிற்பது என்று தீர்மானிப்பார்கள். நேரத்தை ஆயிரத்தில் ஒரு வினாடி வரை அளப்பார்கள். இது அவ்வளவு நுட்பமா என்று கேட்பீர்கள். 1997-இல் ஸ்பெயினின் ஹெரெஸ் தடத்தில் வில்நெவ், ஷூமாக்கர், ஃபிரென்ட்சன் மூவரும் 1 நிமிடம் 21.072 வினாடி என்று அச்சடித்தாற்போல ஒரே நேரத்தைப் பதிவு செய்தார்கள்! அந்தத் தடத்தின் நீளம் 4.428 கிலோமீட்டர். சராசரி வேகத்தைக் கணக்கிட்டால், ஆயிரத்தில் ஒரு வினாடியில் வண்டி ஓடும் தூரம் ஐந்தரைச் சென்டிமீட்டர்தான். யார் அந்த நேரத்தை முதலில் பதிவு செய்தாரோ அவருக்கே முதலிடம் என்று விதிப்படி முடிவு செய்தார்கள்.

அளவு நுட்பமாக இருப்பது வேறு. நியாயமாக இருப்பது வேறு. 2005 மார்ச்சில் நரேனின் முதல் ஃபார்முலா ஒன் பந்தயம் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் நடந்தது. அங்கே தகுதிச் சுற்றில் ஒவ்வொருவரும் தனித்தனியாக ஓட்ட வேண்டும். நடுவில் மழை கொட்டியது. சிலருக்குக் காய்ந்த தடம், சிலருக்கு நனைந்த தடம். நனைந்த தடத்தில் உராய்வு குறையும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அன்று நரேன் 12-ஆம் இடத்தில் நின்றார். பந்தயத்தில் 15-ஆவதாக முடித்தார். ஆய்வுக்கூடத்தில் உங்கள் ஆசிரியர், 'ஒரே நிலைமையில் அளவெடு' என்று ஏன் வற்புறுத்துகிறார் என்பது இப்போது புரிகிறதா?

தகுதிச் சுற்றுக்கு இரக்கம் கிடையாது. 2011-இல் ஃபார்முலா ஒன்னில் ஒரு விதி திரும்ப வந்தது. முதல் கட்டத்தில் மிக வேகமானவரின் நேரத்தைப் போல 107 சதவீதத்துக்குள் வராதவர் பந்தயத்தில் ஓட முடியாது. மெல்போர்னில் அந்த எல்லை 1 நிமிடம் 31.266 வினாடி. நரேனின் நேரம் 1 நிமிடம் 34.293 வினாடி. குறைபட்டது மூன்று வினாடிதான். ஓட அனுமதி இல்லை. அவருடைய அணித் தோழர் லியூட்சிக்கும் அதே கதி. அடுத்த பந்தயமான மலேசியாவில் இருவருமே தகுதி பெற்றார்கள். இரு வாரங்களில் ஓட்டுநரின் திறமையா மாறிவிட்டது? ஒரு சுற்றின் நேரத்தில் ஓட்டுநர், எஞ்சின், டயர், வண்டியைத் தயாரிக்கக் கிடைத்த அவகாசம் எல்லாம் கலந்திருக்கின்றன. அதில் ஓட்டுநரின் பங்கை மட்டும் பிரித்தெடுக்க நல்ல வழி ஒன்று உண்டு: அதே வண்டியை ஓட்டும் அணித் தோழருடன் ஒப்பிடுவது. மற்றவை மாறாமல் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் சோதனை முறைதான் இது.

இரண்டாவது எண்: ஒரு பந்தயம்

தகுதிச் சுற்று, மிகச் சிறந்த ஒரு சுற்றை அளக்கிறது. பந்தயமோ எல்லாச் சுற்றுகளின் கூட்டுத்தொகையை அளக்கிறது. இங்கே எரிபொருளின் எடையும் டயரின் தேய்மானமும் சேர்ந்துகொள்கின்றன. 100 லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 75 கிலோ. ஒரு பெரிய ஆளை ஏற்றிக்கொண்டு ஓடுவதற்குச் சமம். பெட்ரோல் தீரத் தீர வண்டி இலேசாகும். ஆனால் டயர் தேயும். ஒரு சுற்றில் புலியாக இருப்பவர் 250 சுற்றில் பூனையாவதும் உண்டு.

டயரைப் பற்றிப் பேசும்போது 2005 ஜூன் 19-ஆம் நாளைச் சொல்லாமல் இருக்க முடியாது. அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் தடத்தில் ஃபார்முலா ஒன் பந்தயம். பழைய நீள்வட்டத் தடத்தின் ஒரு சாய்வான வளைவு, அந்தப் பந்தயப் பாதையில் 13-ஆம் வளைவாக அமைந்திருந்தது. சாய்வு 9 டிகிரிக்குச் சற்று மேல். வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் ரால்ஃப் ஷூமாக்கரின் காரில் இடப்பக்கப் பின் டயர் அங்கே சிதைந்து, கார் சுவரில் மோதியது.

சாய்வு வேகத்தைக் கூட்டும் என்று மேலே பார்த்தோம். அதற்கு ஒரு விலையும் உண்டு. சாய்ந்த வளைவில் தரை வண்டியை அழுத்தும் விசை சமதளத்தில் இருப்பதைவிட அதிகம். அதிலும் வலப்பக்கம் திரும்பும்போது இடப்பக்க டயர்களின்மேல் பெரும்பகுதிச் சுமை விழும். அந்த ஆண்டு விதிப்படி பந்தயத்தின் நடுவே டயரை மாற்றவும் கூடாது. முழு வேகத்தில் அந்த வளைவில் ஓடினால் தங்கள் டயர்கள் பந்தயம் முழுவதும் தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது என மிஷெலின் நிறுவனம் அணிகளிடம் அறிவித்தது. வளைவுக்கு முன்னால் ஒரு தடுப்பு அமைத்து வேகத்தைக் குறைக்கலாம் என்ற யோசனையை நிர்வாகம் ஏற்கவில்லை. பந்தய நாளில் 20 கார்களும் ஒரு சுற்று ஊர்வலமாக வந்தன. உடனே மிஷெலின் டயர் பூட்டிய 14 கார்கள் ஒதுங்கிக்கொண்டன. மீதி 6 கார்கள் மட்டுமே பந்தயம் ஓடின. பார்க்க வந்தவர்கள் கூச்சலிட்டார்கள். என்றாலும், ஓட்டுநரின் உயிரா, காட்சியா என்ற கேள்வியில் அணிகள் எந்தப் பக்கம் நின்றன என்பதை நினைவில் வையுங்கள்.

அந்த ஆறில் ஒன்று நரேனின் ஜோர்டான் கார். அவர் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். ஃபார்முலா ஒன்னில் புள்ளி பெற்ற முதல் இந்தியர் அவரே.

மூன்றாவது எண்: ஒரு பருவம்

ஆண்டு முழுவதும் நடக்கும் பந்தயங்களின் புள்ளிகளைக் கூட்டினால் வருவது பருவப் பட்டியல். 2005-இல் மொத்தம் 19 பந்தயங்கள். முதல் எட்டு இடங்களுக்கு மட்டும் 10, 8, 6, 5, 4, 3, 2, 1 என்று புள்ளிகள். ஒன்பதாவது வந்தாலும் பூஜ்யம், இருபதாவது வந்தாலும் பூஜ்யம்! நரேனின் ஆண்டுக் கணக்கு 5 புள்ளி, 18-ஆம் இடம். அந்த 5 புள்ளியும் இண்டியானாபோலிஸில் வந்ததே. மற்ற 18 பந்தயங்களில் அவர் எப்படி ஓட்டினார் என்பதைப் பட்டியல் சொல்லவே இல்லை.

நாஸ்கார் அன்று வேறு வழியைப் பின்பற்றியது. 2010-இல் முதலிடத்துக்கு 185, இரண்டாமிடத்துக்கு 170, மூன்றாமிடத்துக்கு 165 என்று தொடங்கி, கடைசி இடம் வரை எல்லோருக்கும் புள்ளி உண்டு. 13-ஆம் இடத்துக்கு 124. இந்தக் கணக்கில் வெற்றியைவிடத் தவறாமல் வருவதற்கு மதிப்பு அதிகம். ஒரு பந்தயத்தில் வென்று மறுபந்தயத்துக்கு வராதவருக்கு 185. இரண்டு பந்தயங்களிலும் 13-ஆவதாக வந்தவருக்கு 248. அந்த ஆண்டு நரேன் எல்லாப் பந்தயங்களிலும் ஓட்டவில்லை. ஆகவே ஆண்டுப் பட்டியலில் அவருடைய இடத்தை, முழுப் பருவமும் ஓட்டியவர்களின் இடத்தோடு ஒப்பிடுவதில் பொருளில்லை.

ஆக, பட்டியலில் ஓர் எண்ணைப் பார்த்ததும் மூன்று கேள்விகள் கேளுங்கள். எது அளக்கப்பட்டது? எந்த நிலைமையில் அளக்கப்பட்டது? எந்த விதிப்படி கூட்டப்பட்டது? இந்தக் கேள்விகள் பந்தயத்துக்கு மட்டுமல்ல. செய்தித்தாளில் வரும் எல்லாப் புள்ளிவிவரங்களுக்கும், ஏன், உங்கள் கையிலுள்ள மதிப்பெண் பட்டியலுக்குமே பொருந்தும்.

நீங்களே செய்து பாருங்கள்

2024-இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரைக் கிலோமீட்டர் சாலைத் தடத்தில் இரவுப் பந்தயம் நடந்தது. அதைப் பார்த்தவர்கள் உங்களில் இருக்கலாம். அதே கணக்கைப் பள்ளி மைதானத்திலேயே போடலாம். சைக்கிளில் வேண்டாம், வளைவில் சறுக்கிக் கீழே விழுவீர்கள். ஓடியே பாருங்கள். நான்கு நண்பர்கள் ஆளுக்குப் பத்துச் சுற்று ஓடட்டும். ஒருவர் நிறுத்துகடிகாரத்தால் ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் குறிக்கட்டும். பிறகு மூன்று பட்டியல்கள் தயாரியுங்கள்: மிக வேகமான ஒரு சுற்றின்படி ஒன்று, பத்துச் சுற்றின் மொத்த நேரப்படி ஒன்று, ஒவ்வொரு சுற்றிலும் முதல்வருக்கு 4, அடுத்தவர்களுக்கு 3, 2, 1 என்று புள்ளி கொடுத்துக் கூட்டி ஒன்று.

மூன்று பட்டியலிலும் முதலிடம் ஒருவருக்கேதானா? இல்லையென்றால் உங்களில் சிறந்த ஓட்டக்காரர் யார்? விடையைச் சொல்லுமுன், 'சிறந்த' என்ற சொல்லுக்கு உங்கள் குழு என்ன பொருள் கொள்கிறது என்பதை முதலில் எழுதி வைத்துவிடுங்கள். ஓடிய பிறகு எழுதினால், அவரவர் தமக்குச் சாதகமான பட்டியலைத்தான் எடுத்து நீட்டுவார்கள்!