அலமாரிக்குள் ஒரு கணித மனம்

பெங்களூரு மைசூர் சாலையில், இந்தியப் புள்ளியியல் கழக வளாகத்தில் இருக்கிறது டி.ஆர்.டி.சி. எனப்படும் ஆவண ஆராய்ச்சி, பயிற்சி மையம். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1962-ல் தொடங்கியது. அவர் ஆயுள் முழுக்க மல்லுக்கட்டிய கேள்வி சாதாரணமானது: ஒரு புத்தகத்தை எந்த அலமாரியில் வைப்பது?

குமாஸ்தா வேலை என்று தோன்றலாம். ஆனால் தவறான இடத்தில் வைத்த புத்தகம் தொலைந்த புத்தகம்தான். தவிர, அலமாரி வகுத்தவரின் மனமும் அதில் பதிந்துவிடுகிறது. அமெரிக்கரான மெல்வில் டூயி 1876-ல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறையில், மதத்துக்கான 200 வரிசையில் 220 முதல் 280 வரை கிறிஸ்தவத்துக்கே. இந்து மதம், இஸ்லாம் உட்பட மற்ற மதங்கள் எல்லாம் 290-க்குள் நெருக்கியடித்தன.

சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்த ரங்கநாதன், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். பயிற்சிக்கு லண்டன் போனவர், ஒரு கடையில் மெக்கானோ பொம்மைகளைப் பார்த்தார். அதே பட்டைகள், அதே திருகாணிகள். கோக்கும் விதத்தில் புதுப்புது உருவங்கள். அறிவையும் இப்படிக் கோத்தால் என்ன? 1933-ல் வெளிவந்தது கோலன் பகுப்பு முறை.

'தஞ்சாவூரில் நெற்பயிர் நோய்' என்ற நூலை எடுத்துக்கொள்ளுங்கள். ரங்கநாதன் அதைப் பயிர், நோய், இடம் என்று தனித்தனி முகங்களாகப் பிரித்து, பிறகு குறியீடுகளால் இணைப்பார். கணிதக்காரர் அல்லவா? அடிக்கோள்களில் தொடங்கி படிப்படியாகக் கட்டினார். 1955-ல் லண்டன் பகுப்பாய்வுக் குழு, தகவல் தேடலுக்கு முகப் பகுப்பே அடிப்படை என்று அறிவித்தது.

அவர் முறையிலும் அவர் மனம் தெரியாமல் இல்லை. ஆன்மிக அனுபவத்துக்கு அறிவியலுக்கும் கலைகளுக்கும் நடுவே தனி வகுப்பே கொடுத்தார். எண்களோ நீண்டன, பதிப்புக்குப் பதிப்பு மாறின. விளைவு, இந்திய நூலகங்களிலேயே டூயி முறைதான் அதிகம் புழங்குகிறது.

1972-ல் ரங்கநாதன் பெங்களூருவில் காலமானார். அவருடைய யோசனை அலமாரியை விட்டு வெளியேறிவிட்டது. இணையக் கடையில் நிறம், விலை, துணி ரகம் என்று தேர்ந்தெடுத்துச் சேலை தேடுகிறோமே, அதுவும் முகப் பகுப்புதான். அங்கும் எந்தெந்த முகங்கள் என்று யாரோ முன்பே தீர்மானித்திருக்கிறார்கள். பட்டியலில் 'நெய்த ஊர்' இல்லையென்றால், காஞ்சிபுரத்தைத் தேடுகிறவருக்குக் காஞ்சிபுரம் கிடைக்காது.