இடிந்து விழுந்த மலையின் துண்டுகள்: ஷாஸ்தா சமவெளிக் குன்றுகளின் புதிர் அவிழ்ந்தது எப்படி?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தின் வடகோடியில், 4,300 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கிறது ஷாஸ்தா எரிமலை. அதன் வடமேற்கே விரியும் சமவெளியில், யாரோ லாரி லாரியாகக் கொட்டிவிட்டுப் போன மாதிரி நூற்றுக்கணக்கான மேடுகள், குன்றுகள். இவை எப்படி வந்தன என்பது நிலவியல் அறிஞர்களுக்கு நெடுங்காலம் பிடிபடவே இல்லை.

விடை வேறொரு மலையில் கிடைத்தது. வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள செயின்ட் ஹெலன்ஸ் எரிமலைக்குள் 1980 வசந்த காலத்தில் மாக்மா ஏறிக்கொண்டிருந்தது. மலையின் வடபுறம் தினமும் ஒன்றரை மீட்டருக்கு மேல் வெளியே உப்பியது. மே 18, காலை 8.32. ரிக்டரில் 5 புள்ளியைத் தாண்டிய ஒரு நிலநடுக்கம், அவ்வளவுதான். வடபுறம் மொத்தமாகச் சரிந்தது. பதிவான வரலாற்றிலேயே மிகப் பெரிய நிலச்சரிவு இது. சுமார் 2.5 கன கி.மீ. பாறையும் மண்ணும் டூட்டில் ஆற்றுப் பள்ளத்தாக்கில் 20 கி.மீ.க்கு மேல் ஓடி நின்றன. கூடவே வந்த வெடிப்பையும் சேர்த்து, அன்று 57 பேர் இறந்தார்கள்.

சரிவு ஓடி நின்ற இடத்தில் பார்த்தால், ஷாஸ்தாவில் இருப்பதைப் போன்ற அதே மேடுகள்!

நிலச்சரிவுன்னா எல்லாம் கூழாகிவிடும் என்றுதான் நினைப்போம். இங்கே அப்படி நடக்கவில்லை. மலையின் பல பகுதிகள் பெரும் கட்டிகளாகவே பயணித்தன. சிலவற்றுக்குள் பழைய பாறை அடுக்குகள்கூட அதிகம் கலையவில்லை. சரிவு பரவப் பரவ, கட்டிகள் பிளந்து ஒன்றைவிட்டு ஒன்று விலகின. நின்றபோது அவை குன்றுகள் ஆயின; நொறுங்கிய கல்லும் தூளும் இடைவெளிகளை நிரப்பின. பொதுவாக மலைக்குப் பக்கத்தில் பெரியவை, தூரம் போகப் போகச் சிறியவை. 'ஹம்மக்' என்று இவற்றுக்குப் பெயர்.

இதைப் பார்த்த கண்ணோடு ஆய்வாளர்கள் ஷாஸ்தாவுக்குத் திரும்பினார்கள். இன்றைய மலை எழுவதற்கு முன்பு, 3 லட்சம் ஆண்டுகளுக்கும் முன்னால், அங்கே நின்ற பழைய எரிமலை இடிந்து 40 கி.மீ.க்கு அப்பால்வரை பரவியிருந்தது. குறைந்தது 26 கன கி.மீ.; செயின்ட் ஹெலன்ஸ் சரிவைப் போல 10 மடங்கு.

லாவா பெரும்பாலும் மெதுவாக வரும், ஓடித் தப்பிக்க நேரம் இருக்கும். இது மணிக்கு 150 கி.மீ.க்கு மேல் பாயக்கூடியது. ஒரு மலை இடிந்தால் எதுவரை வரும் என்பதற்குக் கையில் இருக்கும் நேரடியான சாட்சி, முன்பு இடிந்தபோது அது விட்டுச்சென்ற குன்றுகள்தான். இதில் பயமுறுத்தும் விஷயம், மலை சரியப் புது மாக்மாகூடத் தேவையில்லை என்பது. ஜப்பானின் பாண்டாய் மலையில் 1888 ஜூலை 15 அன்று வெடித்தது வெறும் நீராவி. 'சின்ன பாண்டாய்' என்ற சிகரமே காணாமல் போச்சு. 400-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஆறுகள் அடைபட்டு ஏரிகள் உருவாயின. அவற்றில் பெரியது ஹிபாரா. சுற்றுலாப் படகுகள் இன்று வளைந்து செல்லும் அதன் குட்டித் தீவுகள், அந்தச் சிகரத்தின் துண்டுகள்.