சாரல் விழுந்தால் வாடகை ஏறும்

தென்மேற்குப் பருவக்காற்று வந்துவிட்டால் எங்கள் இலஞ்சியில் வீட்டுக்கு வீடு 'ரூம் வாடகைக்கு' அட்டை தொங்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பக்கத்துக் குற்றாலத்தில் அருவி சீசன். அந்த வருமானத்தில் பிள்ளைகளைப் படிக்கவைக்கிற குடும்பங்கள் இங்கே உண்டு. மாடியில் இரண்டு அறையை விட்டு, வருகிறவர்களுக்கு இட்லி அவித்துக் கொடுக்கும் பக்கத்து வீட்டு அத்தையை நான் குறை சொல்லமாட்டேன். ராத்திரியில் பாட்டுச் சத்தம் கூடினால் அவரே படியேறிப் போய் அதட்டிவிடுவார்.

என் கோபமெல்லாம் உரிமையாளர் இல்லாத வீடுகள் மேல்தான். வெளியூர்க்காரர் வாங்கிப்போட்டு, செயலி வழியாக நாள் வாடகைக்கு விடுகிறார். பாட்டில்கள் வாய்க்காலில் மிதக்கின்றன, யாரிடம் சொல்வது? மாத வாடகைக்கு இருந்த நர்ஸ் குடும்பத்தை வைகாசியிலேயே காலிசெய்யச் சொல்லிவிட்டார்கள். ஊருக்கு வைத்தியம் பார்க்கிறவருக்கு ஊரில் வீடில்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டப்படி உரிமையாளர் குடும்பம் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். வாடகைக்கு ஆறு அறைகளுக்கு மேல் கூடாது. நல்ல விதி. ஆனால் அதில் பதிவுசெய்வது அவரவர் விருப்பம்.

காசு ஆசை அருவியையே தொட்டுவிட்டது. இயற்கை நீரோட்டத்தைத் திருப்பிச் செயற்கை அருவி அமைத்த தனியார் சொகுசு விடுதிகளை மூடும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022-ல் உத்தரவிட்டது.

நாள் வாடகை வீடு ஒவ்வொன்றின் வாசலிலும் உரிமையாளர் பெயரும் போன் நம்பரும் இருக்க வேண்டும், கூப்பிட்டால் ஆள் வர வேண்டும். பேரூராட்சியிடம் நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.