பருப்பைப் பார்ப்பது போலவே செஸ் செட்டையும் பாருங்கள்!



மளிகையோடு நோட்டுப் புத்தகம், பேனா, ஜியாமெட்ரி பாக்ஸ் வைத்து விற்கும் நம்மிடம் இப்போது செஸ் செட்டும் கேட்கிறார்கள். காரணம் தெரிந்ததே. 1988-ல் விஸ்வநாதன் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. 2024 டிசம்பரில் சென்னையைச் சேர்ந்த குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். ஆகவே சரக்கு போகும். எந்தச் சரக்கை வாங்கி வைப்பது என்பதுதான் கேள்வி.

துவரம்பருப்பு மூட்டை வந்தால் குத்தூசி போட்டு மாதிரி எடுத்து, கையில் பரப்பிப் பார்த்துத்தான் இறக்குகிறோம். செஸ் செட்டை மட்டும் பெட்டியின் மேலுள்ள படத்தை நம்பி டஜன் கணக்கில் அடுக்கிவிடுகிறோம். எனக்குத் தெரிந்த சில்லறை வியாபாரி ஒருவர், பள்ளிக்கூடம் ஒன்றுக்கு இரண்டு டஜன் பெட்டிகளைப் பிரிக்காமலே சப்ளை செய்தார். போட்டி நாளன்று சில பெட்டிகளில் காய்கள் குறைந்திருந்தன. அந்த லாபம் போனது போகட்டும். அடுத்த ஆண்டு நோட்டுப் புத்தக ஆர்டரும் வேறு கடைக்குப் போய்விட்டது. ஆகவே கொள்முதலின்போதே கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

எண்ணிக்கை: ஒவ்வொரு நிறத்திலும் ராஜா 1, ராணி 1, மந்திரி 2, குதிரை 2, யானை 2, சிப்பாய் 8, ஆக மொத்தம் 32 காய்கள். நல்ல செட்டில் நிறத்துக்கு ஒரு ராணி கூடுதலாக வைத்து 34 இருக்கும். கடைசிக் கட்டத்தை எட்டிய சிப்பாய் பெரும்பாலும் ராணியாக மாறும், அதற்காகத்தான். பருப்பில் ஒரு பிடி குறைந்தால் ஒரு பிடிதான் நஷ்டம். இதில் ஒரு சிப்பாய் குறைந்தாலும் முழு செட்டும் வீண்.

உருவம்: 'ஸ்டான்டன்' மாதிரி என்று கேட்டு வாங்குங்கள். 1849-ல் லண்டனில் விற்பனைக்கு வந்த வடிவம் இது. அந்நாளில் புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஹோவர்ட் ஸ்டான்டன் பெயரை இதற்கு வைத்தார்கள். எந்தக் காய் எது என்று பார்த்தவுடன் தெரியும். பள்ளிப் போட்டி முதல் உலகப் போட்டி வரை இதுதான் பழக்கத்தில் உள்ளது. போர்வீரர் பொம்மை போன்ற அலங்காரச் செட்டுகள் ஷோகேஸுக்கு அழகு, ஆடுவதற்கு உதவாது.

அளவு: சர்வதேச செஸ் சம்மேளனத்தின் அளவுப்படி ராஜாவின் உயரம் சுமார் 9.5 செ.மீ., போர்டின் ஒரு கட்டம் 5 முதல் 6 செ.மீ. கையில் ஸ்கேல் இல்லையென்றால் ஒரு கட்டத்துக்குள் நான்கு சிப்பாய்களை நிறுத்திப் பாருங்கள். நான்கும் அடங்கினால் போர்டும் காயும் பொருத்தம். அடங்காவிட்டால் ஆடும்போது காய்கள் ஒன்றோடொன்று இடிக்கும்.

எடை: உள்ளே வெற்றாக இருக்கும் பிளாஸ்டிக் காய், கை பட்டாலே சாய்ந்துவிடும். அடியில் எடை வைத்த காய் நிலையாக நிற்கும். காதருகில் வைத்துக் குலுக்குங்கள். கடகடவென்று சத்தம் வந்தால் உள்ளே வைத்த எடை சரியாக ஒட்டவில்லை என்று பொருள். அடியில் ஒட்டிய துணி உரியாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மரம்: கையால் செய்த மரக்காய்களுக்குப் பெயர் பெற்ற ஊர் பஞ்சாபிலுள்ள அமிர்தசரஸ். மற்ற காய்கள் பெரும்பாலும் கடைசலில் வந்துவிடும். குதிரையைக் கையால் செதுக்க வேண்டும். ஆகவே முதலில் குதிரையை எடுங்கள். காது, பிடரி, வாய் தெளிவாக இருந்து, நான்கு குதிரையும் ஒரே ஜாடையில் இருந்தால் தொழிலாளி தேர்ந்தவர். சரியாக உலராத மரத்தில் செய்தது பின்னால் வெடிக்கும். அடிப்பாகத்தில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் ஒதுக்குங்கள். யானைத் தந்தக் காய் என்று யாராவது கொண்டு வந்தால் தொடவே வேண்டாம். அது சட்டப்படி குற்றம்.

போர்டு: கண்ணாடி மேஜைமேல் வைத்து நான்கு மூலையையும் அழுத்துங்கள். ஆடினால் வளைந்த போர்டு. டியூப்லைட் வெளிச்சத்தில் பளபளத்தால் கண் கூசும். மங்கலான பாலிஷே நல்லது. ஓரத்தில் எழுத்தும் எண்ணும் அச்சிட்ட போர்டில் 'ஏ1' கட்டம் கறுப்பாக இருக்க வேண்டும். அச்சுப்பிழையுள்ள போர்டுகளும் வருவதுண்டு. மடக்குப் போர்டில் கீலைப் பத்து முறை திறந்து மூடிப் பாருங்கள். பள்ளிகளுக்குச் சுருட்டி வைக்கும் ரெக்சின் போர்டு போதும். விலையும் குறைவு, மழை ஈரத்தில் வளையவும் வளையாது.

வரி: செஸ் போர்டுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பில்லைச் சரிபார்த்து வாங்குங்கள்.

விற்கும்போது பெட்டியைத் திறந்து, வாடிக்கையாளர் கண்ணெதிரே காய்களை எண்ணிக் கொடுங்கள். இரண்டு நிமிட வேலைதான். ஒரு செட்டைப் பிரித்து உதிரியாகவும் வைத்திருங்கள். சிப்பாயைத் தொலைத்துவிட்டு வரும் பிள்ளைக்கு ஒற்றைக் காய் கிடைக்கும் கடை அநேகமாக ஊரில் இருக்காது. அந்தக் கடை நம்முடையதாக இருந்தால், அந்த வீட்டு மாதாந்திர மளிகைச் சீட்டும் நம்மிடமே வரும்.