சார்ஜ் ஏறாத பேட்டரி: அன்றும் இன்றும்

விண்டோஸ் 7 புழக்கத்தில் இருந்த நாட்களில், சார்ஜரை மாட்டியபின்னும் ‘சார்ஜ் ஆகவில்லை’ என்று திரையின் மூலையில் ஒரு வரி வரும். வந்ததும் லேப்டாப்பை அணைத்துக் கவிழ்த்துப் போடுவார்கள். அடியில் இரண்டு தாழ்கள் இருக்கும். கட்டைவிரல்களால் ஒதுக்கினால் பேட்டரி கழன்று கைக்கு வந்துவிடும். அதன் முனைகளைத் துணியால் துடைத்து, பேட்டரி இல்லாமலேயே பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு, திரும்ப மாட்டிப் பார்ப்பார்கள். சில நேரம் அதுவே போதும். மசியாவிட்டால் டிவைஸ் மேனேஜரில் பேட்டரிக்கான டிரைவரை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்வார்கள். அதற்கும் ஏறவில்லை என்றால்தான் கடை.

சென்னையில் கடை என்றால் பெரும்பாலும் ரிச்சி தெரு. அங்கே முதலில் சந்தேகிக்கப்படுவது பேட்டரி அல்ல, சார்ஜர். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பின்னுக்குள்ளும் மறு முனையை அதன் வெளிவளையத்திலும் வைத்தால் 19 வோல்ட்டுக்கு ஒட்டிய எண் வர வேண்டும். வந்தால் அடுத்தது டிசி ஜாக். பின்னை மெல்ல அசைத்து, விளக்கு விட்டு விட்டு எரிகிறதா என்று பார்ப்பார்கள். அதுவும் சரியென்றால் வேறொரு பேட்டரியை மாட்டிப் பார்ப்பார்கள். அது ஏறினால் பழுது பழைய பேட்டரியில். அதுவும் ஏறாவிட்டால் போர்டில். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போகும் இந்த முறையில் வாடிக்கையாளரும் கூட நின்று பார்த்தார். எங்கே கோளாறு என்று அவருக்கும் புரிந்தது.

மீட்டரையும் ஏமாற்றிய ஒரு பழுது உண்டு. சில கம்பெனிச் சார்ஜர்களின் பின்னுக்கு நடுவே ஊசிபோல் இன்னொரு கம்பி இருக்கும். மின்சாரம் தருவது அதன் வேலை இல்லை. ‘நான் இத்தனை வாட் சார்ஜர்’ என்று லேப்டாப்புக்குச் சொல்வதே வேலை. அது வளைந்தாலோ முறிந்தாலோ மீட்டரில் 19.5 வோல்ட் சரியாகக் காட்டும், லேப்டாப்பும் ஓடும், பேட்டரி மட்டும் ஏறாது. சார்ஜர் இன்னதென்று தெரியாததால் லேப்டாப் தானாகவே சார்ஜ் செய்வதை நிறுத்திக்கொள்ளும். பேட்டரிமேல் பழியைப் போட்டுப் புதிது வாங்கியவர்களுக்குப் புதியதும் ஏறவில்லை.

அந்தப் பேட்டரியின் உட்புறமும் மறைபொருளாக இல்லை. பிளாஸ்டிக் உறையின் விளிம்பை நெம்பினால் உள்ளே பெரும்பாலும் ஆறு உருளைச் செல்கள். ஒவ்வொன்றும் 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம்; அதனால்தான் அதற்கு 18650 என்று பெயர். இரண்டிரண்டாகச் சேர்த்து, மூன்று ஜோடிகளை வரிசையாக நிக்கல் பட்டையால் பற்றவைத்திருப்பார்கள். ஜோடிகளின் வோல்ட்டேஜை அளந்தால் இரண்டு நன்றாக இருக்கும், ஒன்று மட்டும் விழுந்திருக்கும். அந்த ஒன்றுக்காகப் பாதுகாப்புச் சர்க்யூட் முழுப் பேட்டரியையும் முடக்கியிருக்கும். செல்களை மட்டும் மாற்றிக் கொடுத்த கடைகள் இருந்தன. எல்லாப் பேட்டரியும் அதற்கு இசையவில்லை. பழைய செல்லைப் பிரித்த கணத்திலேயே தன்னைப் பூட்டிக்கொள்ளும் சிப் சிலவற்றில் இருந்தது. தரமற்ற செல்லைப் போட்டுக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். ஆபத்து பெரிய கம்பெனிகளையும் விட்டுவைக்கவில்லை. 2006 ஆகஸ்டில் டெல் நிறுவனம் சோனி செல்கள் அடங்கிய சுமார் 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளைத் தீ அபாயம் காரணமாகத் திரும்பப் பெற்றது. கையால் தொட முடிந்த காலம் என்பதற்காக அதைப் பத்திரமான காலம் என்று சொல்ல மாட்டேன்.

இன்றைய லேப்டாப்பைக் கவிழ்த்தால் தாழ் இல்லை. சின்னச் சின்ன ஸ்குரூக்கள். சிலவற்றில் ரப்பர் காலுக்கு அடியிலும் ஒளிந்திருக்கும். உள்ளே உருளைகளுக்குப் பதில் மெல்லிய தட்டைப் பைகள், சில மாடல்களில் பசையால் ஒட்டப்பட்டு. எடை குறைந்தது, தடிமன் குறைந்தது, ஒரு சார்ஜில் ஓடும் நேரம் கூடியது. கூடவே, பேட்டரி தன் நிலையைத் தானே சொல்லும் வசதியும் எல்லோருக்கும் எட்டியது. விண்டோஸ் 8 முதல், கமாண்ட் பிராம்ப்டில் ஒரு வரி அடித்தால் பேட்டரி ரிப்போர்ட் வந்துவிடும். புதிதாக இருந்தபோதைய கொள்ளளவு ஒரு வரியில், இப்போது முழுதாக ஏறினால் கொள்வது அடுத்த வரியில். முதலாவது 41,000 மில்லிவாட்-மணி, இரண்டாவது 24,600 என்றிருந்தால், எஞ்சியிருப்பது 60 சதவீதம். ‘முன்னைப் போல நிற்கவில்லை’ என்ற வாய்மொழிக் குறைக்கு எண்ணில் பதில் கிடைக்கிறது. இதை நான் பெரிய லாபமாகவே கருதுகிறேன்.

பழுதில்லாத பழுதும் இப்போது வந்திருக்கிறது. 80 சதவீதத்தில் நின்றுவிடுகிறது, 60-ஐத் தாண்டவில்லை என்று கவலையோடு கடைக்குக் கொண்டுவருகிறார்கள். பல நேரங்களில் அது லேப்டாப்புடன் வரும் செயலியிலோ பயாஸிலோ உள்ள பாதுகாப்பு அமைப்பு. லித்தியம் செல் 4.2 வோல்ட் வரை நிரம்பி, சூட்டோடு சேர்ந்து அந்த உச்சியிலேயே கிடந்தால் சீக்கிரம் மூப்படையும்; எப்போதும் பிளக்கிலேயே இருக்கும் லேப்டாப்புக்கு அது 80-லோ 60-லோ நிற்பதுதான் நல்லது. நிக்கல் காட்மியம் காலத்தில், முழுதாக இறக்கிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பேட்டரிகளுக்கு அது பொருந்தியது. லித்தியம் வந்து வெகுகாலம் ஆகியும் அந்த அறிவுரை வீடுகளில் தொடர்கிறது, பேட்டரியின் ஆயுளைக் குறைத்தபடி.

சார்ஜரின் கதை நேர்தலைகீழ். அன்று கம்பெனிக்கு ஒரு பின், மாடலுக்கு ஒரு தடிமன். பொருந்தாதது பெரும்பாலும் நுழையவே நுழையாது. இன்று டைப்-சி எல்லாவற்றிலும் நுழைகிறது, ஆனால் எல்லாமே வேலை செய்வதில்லை. 20 வோல்ட்டில் 65 வாட் கேட்கும் லேப்டாப்பில் போன் சார்ஜரை மாட்டினால், சில லேப்டாப் மறுத்துவிடும். சில ஏற்றுக்கொண்டு, வேலை செய்யச் செய்ய இறங்கிக்கொண்டே போகும். சார்ஜர் சரியாக இருந்தாலும் கேபிள் காலை வாரலாம். சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியர்தான் தாங்கும். 20 வோல்ட்டில் அது 60 வாட். அதற்கு மேல் வேண்டுமானால் கேபிளுக்குள்ளேயே தன்னை அடையாளம் சொல்லும் சிப் இருக்க வேண்டும். வெளிப்பார்வைக்கு இரண்டு கேபிளும் ஒன்றுதான். ஆகவே இன்று சார்ஜ் ஏறவில்லை என்றால் முதலில் மாற்றிப் பார்க்க வேண்டியது கேபிளை.

இழந்தது எது என்று கேட்டால், செத்த பேட்டரியோடும் வாழ முடிந்ததைச் சொல்வேன். தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா லேப்டாப்கள் பல வீடுகளில் முதல் கம்ப்யூட்டர். பேட்டரி போனதும் அதைக் கழற்றி வைத்துவிட்டு, சார்ஜரிலேயே ஓட்டினார்கள். கரண்ட் போனால் அடித்தது போய்விடும். ஆனாலும் தம்பி தங்கைகள் அதில் படித்தார்கள். இன்று உள்ளே ஒட்டியிருக்கும் பேட்டரி உப்பினால் டச்பேட் மேலெழும், மூடி சரியாக மூடாது. அப்படியே ஓட்டுவது ஆபத்து. நெம்பி எடுக்கப்போய்ப் பையில் துளை விழுந்தால் தீப்பிடிக்கும். தெரிந்தவர் கையில் கொடுத்தே ஆக வேண்டும். பேட்டரி விலையும் கூலியும் சேர்ந்து பழைய லேப்டாப்பின் மதிப்பையே தொடும்போது, நன்றாக இயங்கும் மீதிப் பாகங்களும் சேர்ந்து குப்பைக்குப் போகின்றன.

ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய பேட்டரிச் சட்டத்தின்படி, 2027 பிப்ரவரி 18 முதல் அங்கே விற்பனைக்கு வரும் சாதனங்களின் பேட்டரியை, கடைகளில் கிடைக்கும் கருவிகளைக் கொண்டு பயனரே கழற்றி மாற்ற முடிய வேண்டும். சில விலக்குகள் உண்டு. ஒரே மாடலை உலகெங்கும் விற்கும் கம்பெனிகள் அங்கே ஒரு வடிவமும் இங்கே இன்னொன்றும் செய்யாது என்று நம்புகிறேன். பேட்டரி ரிப்போர்ட்டில் 60 சதவீதம் என்று பார்த்தவர், ஸ்குரூ டிரைவரை எடுத்துத் தானே புதியதை மாட்டிக்கொள்ள முடிந்தால் ரிச்சி தெருவுக்கு வேலை குறையலாம். பசையைச் சுரண்டும் வேலை போனால் அவர்களும் வருந்த மாட்டார்கள்.