உப்புத் திருடன் துப்பறிந்தால்

லண்டன் நகரத்துப் பாதாளச் சாக்கடைதான் மான்ட்மோரென்சியின் ராஜபாட்டை. திருடப் போன இடத்தில் கூரையிலிருந்து விழுந்து நொறுங்கிய அவன் உடம்பை ஒரு டாக்டர் தைத்துச் சேர்க்கிறார். தன் கைவண்ணத்தைக் காட்ட அந்தக் கைதியை அறிஞர் கூட்டங்களுக்கு அழைத்துப் போகிறார். அப்படி ஒரு கூட்டத்தில், ஜோசப் பசல்ஜெட் என்ற பொறியாளர் தாம் கட்டிய புதிய சாக்கடைத் திட்டத்தை விளக்குவதை அவன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறான். விடுதலையானதும் பணக்கார வீடுகளில் கைவைத்துவிட்டு, சாக்கடை மூடியைத் திறந்து மறைந்துவிடுகிறான். எலினோர் அப்டேல் பதின்வயதினருக்காக எழுதி 2003-ல் வெளிவந்த நாவல் இது. பின்னால் அந்தத் திருடனே அரசாங்கத்துக்கு உளவாளியாகிறான். திருடன் கற்பனை, பசல்ஜெட்டும் சாக்கடையும் நிஜம்.

இந்த வகைக் கதைக்கு மூலபுருஷர் ஒருவர் உண்மையிலேயே வாழ்ந்தார். 1775-ல் பிரான்சில் பிறந்த யூஜீன் பிரான்சுவா விடோக், கள்ளப் பத்திர வழக்கில் கடுங்காவல் பெற்றவர். சிறை மாற்றிச் சிறை தப்பியவர். 1809-ல் போலீசுக்கு உளவு சொல்லத் தொடங்கினார். இரண்டு மூன்று ஆண்டுகளில் பாரிஸ் துப்பறியும் படைக்கே தலைவரானார். படையில் அவர் சேர்த்துக்கொண்டதும் பழைய குற்றவாளிகளைத்தான். விக்தர் ஹ்யூகோ 1862-ல் வெளியிட்ட பெருநாவலில் வரும் கைதி, அவனைத் துரத்தும் இன்ஸ்பெக்டர் ஜாவர் இருவரிலுமே விடோக்கின் சாயல் உண்டு.

அந்த நாவல் தமிழுக்கு வந்த வழி சுவாரசியமானது. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் நெடுங்காலம் வாழ்ந்த சுத்தானந்த பாரதியார் அதை ‘ஏழை படும் பாடு’ என்று மொழிபெயர்த்தார். 1950-ல் அது படமானது. நாகையா கைதி, சீதாராமன் இன்ஸ்பெக்டர். அன்று முதல் அவர் ஜாவர் சீதாராமன்தான். பிற்பாடு ‘உடல் பொருள் ஆனந்தி’ போன்ற மர்மத் தொடர்களை எழுதி வாசகர்களைத் தூங்கவிடாமல் அடித்தவரும் அவரே.

ஆனால் திருந்திய குற்றவாளி துப்பறிகிற சரித்திரக் கதை தமிழ்ச் சிறார் அலமாரியில் அரிதாகவே கண்ணில் படுகிறது. கீழடியை வைத்து உதயசங்கர் எழுதிய ‘ஆதனின் பொம்மை’ 2023-ல் பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. இளையோருக்குச் சரித்திரம் கசக்காது என்பதற்கு அது போதும். களம் வேண்டுமென்றால் புதுச்சேரியிலிருந்து மரக்காணம் போகிற வழியில் கூனிமேடு இருக்கிறது. 1680களில் ஆங்கிலேயக் கம்பெனி இங்கே பண்டகசாலை வைத்திருந்தது; அதன் ஏடுகளில் ஊர் பெயர் ‘கானிமீர்’. 1690-ல் கடலூர் அருகே கோட்டையை விலைக்கு வாங்கியதும் கம்பெனியின் கவனம் அங்கே போய்விட்டது.

அதைவிட நல்ல கதை உப்பில் இருக்கிறது. 1805-ல் சென்னை மாகாணத்து உப்பு கம்பெனியின் ஏகபோகமானது. 1815-ல் பிரெஞ்சுக்காரர்களோடு செய்த உடன்படிக்கையில், ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு புதுச்சேரி உப்பையும் ஆங்கிலேயர் தங்கள் பிடிக்குள் கொண்டுவந்தார்கள். அளத்தில் பாத்தியை மிதித்து இறுக்கி, உப்புத் தண்ணீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி, வெயில் ஏற ஏற ஆடை கட்டும் உப்பைப் பலகையால் வாரி வரப்பில் குவிப்பார்கள். குவியல் முழுக்க உப்பு இலாகாவின் கணக்கில். கழியோரம் தானாகப் பூத்துக் கிடக்கும் உப்பை ஒரு கிழவி மடியில் அள்ளினாலும் குற்றம். சேறு கலந்து பழுப்பேறிய அந்த உப்பு, அளத்து வெள்ளை உப்புக்கு நடுவே பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். துப்பறியும் கதைக்கு இதைவிடத் தடயம் வேண்டுமா?

இதில் கதாநாயகன் யாராக இருக்கலாம்? கடற்கரை உப்பைக் கழுதையிலும் மாட்டிலும் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோய்த் தானியத்துக்கு மாற்றிய குறவர்களின் பிழைப்பை, ரயிலும் அரசின் உப்புக் கொள்கையும் சேர்ந்து கெடுத்தன. மீனா ராதாகிருஷ்ணா தம் ஆய்வில் இதை விரிவாகக் காட்டியிருக்கிறார். பிறகு, 1871-ன் குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911-ல் திருத்தப்பட்டு சென்னை மாகாணத்துக்கும் வந்தபோது, அவர்களையே பிறவிக் குற்றவாளிகளாகப் பதிவேட்டில் எழுதினார்கள். ‘திருத்துவதற்கு’க் குடியேற்றங்கள் அமைத்தார்கள். அப்படியொரு இளைஞனை, விடோக்கைப் போல ‘மனம் மாறியவன்’ என்று ஒரே வரியில் எழுதிவிட முடியாது. அவன் எதிலிருந்து திருந்த வேண்டும் என்பதே கதையின் பெரிய மர்மம்.

1930 ஏப்ரல் 30 அன்று வேதாரண்யத்தில் ராஜாஜி அள்ளியதும் அதே உப்புத்தான். ஆறு மாதச் சிறை கிடைத்தது. கதையை 1920-ல் முடிப்பதா, இந்த நாள் வரை இழுப்பதா என்பது எழுதுகிறவர் பாடு. இழுத்தால், பதின்மூன்று வயது வாசகி கேட்கப்போகும் குறுக்குக் கேள்விகளுக்கும் பதில் தயாராக இருக்க வேண்டும்.